மலை வண்டியில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சின்ன சரக்கு வண்டி வைத்திருப்பவர்களுக்கு டீசல் போக வாடகையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. டீசல் 90 ரூபாயைத் தாண்டிப் பல வருஷம் ஆகிறது, வாடகை மட்டும் அப்படியே நிற்கிறது. விலை நம் கையில் இல்லை. ஆனால் வண்டி தேவைக்கு மேல் குடிக்கிறதா என்று கண்டுபிடிப்பது நம் கையில் இருக்கிறது. எங்கே தேடுவது என்று தெரியாமல் எட்டு மாதம் நான் பணத்தைக் கொட்டினேன், அது இன்னொருவருக்கு நடக்க வேண்டாம் என்றுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நீலகிரியில் கேத்திப் பக்கம். சொந்தமாக ஒரு டீசல் பிக்கப், 2017-இல் வாங்கியது, பிஎஸ்-4 வண்டி, அதாவது பழைய புகை விதிப்படி வந்தது. கேரட், பீட்ரூட், சீசனில் உருளைக்கிழங்கு என்று மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவதுதான் வேலை. தோட்டம் தோட்டமாகப் போய் மூட்டை ஏற்றுவதையும் சேர்த்தால் ஒரு நடைக்குப் போக வர நூறு கிலோமீட்டர் ஆகும், மாதம் இருபத்தைந்து நடை. வண்டி நன்றாக இருந்த காலத்தில் லிட்டருக்கு பதினொன்றரை கிலோமீட்டர் கொடுத்தது. அது படிப்படியாகக் குறைந்து 8.8-இல் வந்து நின்றது. மாதம் 2500 கிலோமீட்டருக்கு 217 லிட்டர் போதும் என்றிருந்த இடத்தில் 284 லிட்டர். லிட்டர் 90 என்று குறைத்துப் போட்டாலும் மாதம் ஆறாயிரம் ரூபாய் புகையாகப் போகிறது. அது என் பையனின் ஹாஸ்டல் கட்டணம்.

முதலில் எல்லோரையும் போல நானும் பங்க் மேலேதான் சந்தேகப்பட்டேன். அதைத் தீர்த்துக்கொள்வது சுலபம். எந்த பங்கிலும் முத்திரை போட்ட ஐந்து லிட்டர் அளவைக் கலன் வைத்திருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும், ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரைதான் கூடக் குறைய இருக்கலாம். கேட்டேன், பிடித்துக் காட்டினார்கள், சரியாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் 25 மில்லி என்பது அரை சதவீதம், எனக்குக் குறைந்ததோ 23 சதவீதம். அவ்வளவு பெரிய ஓட்டை பங்கில் இருக்காது, வண்டியில்தான் இருக்க வேண்டும் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

புரிந்தபின் நான் செய்தது இன்னொரு தவறு. ஆளுக்கு ஒன்று சொல்ல, சொன்னதையெல்லாம் மாற்றினேன். ஏர் பில்டர், டீசல் பில்டர், அப்புறம் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கையும் கழற்றி கோயம்புத்தூரில் டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்த்தது, ஒரு பாட்டில் டீசல் மருந்து, டீசல் குழாயில் மாட்டும் காந்தம் என்று பதினாலாயிரம் வரை போயிற்று. இன்ஜெக்டர் நான்கும் நன்றாக இருக்கின்றன என்று எழுதிக் கொடுத்தார்கள். காந்தத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த மாதிரி எரிபொருள் மிச்சக் கருவிகள் நூற்றுக்கு மேல் பரிசோதித்துவிட்டு, குறிப்பிடும்படியாக எதுவும் மிச்சப்படுத்தவில்லை என்று அறிவித்திருக்கிறது. யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

அளக்காமல் எதையும் மாற்றக் கூடாது என்பதை அதற்குப் பிறகுதான் பிடித்துக்கொண்டேன். டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்பி எதுவும் முடிவு செய்ய முடியாது. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், நாசில் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கிவிட்டு, நான்கைந்து நடை ஓட்டி, மறுபடி அதே இடத்தில் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் பிடித்த லிட்டரால் வகுக்க வேண்டும். மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, மேலே பல பங்குகளில் தரை சரிவாக இருக்கும், வண்டி சாய்ந்து நின்றால் டேங்கில் ஒரு லிட்டர் இரண்டு லிட்டர் கூடக் குறையப் பிடிக்கும், கணக்கு கெட்டுவிடும். அதனால் நான் கீழே மேட்டுப்பாளையத்தில் சமதளத்தில் இருக்கும் பங்கில்தான் நிரப்புகிறேன். ஒரு தடவை போட்ட கணக்கை நம்பாமல் மூன்று தடவை போட்டு சராசரி பார்க்க வேண்டும். டயர் அளவை மாற்றியிருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், ஐந்து சதவீதம் பெரிய டயர் போட்டால் மீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும், மைலேஜ் குறையாமலே குறைந்த மாதிரி தெரியும்.

இன்னொன்று, மலை வண்டியின் மைலேஜை சமவெளி வண்டியோடு ஒப்பிடக் கூடாது. திருப்பூரில் ஓட்டும் என் மச்சான் பதினாலு வருகிறது என்பார், எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர், எங்கள் பக்கம் 2000 மீட்டருக்கு மேல். சுமார் 1700 கிலோ காலி வண்டியை 1700 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். டீசலில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், தூக்குவதற்கு மட்டுமே இரண்டேகால் லிட்டர் ஆகிறது, சாலையில் உருளுவதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும் ஆவது தனி. அதனால் உங்கள் வண்டியை உங்கள் வண்டியோடு, அதே ரோட்டில், அதே லோடில் மட்டும் ஒப்பிடுங்கள்.

சரி, கோளாறு எப்படி அகப்பட்டது என்று சொல்கிறேன். 2023 ஏப்ரலில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது பர்லியாறு தாண்டி இன்ஜின் சூடேறி முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரம் கட்டி, ஆறவிட்டு, மெதுவாகத் திருப்பிக் கீழே ஒரு பட்டறையில் விட்டேன். மறுநாள் வண்டி தயார், ஆயிரத்து இருநூறு ரூபாய். "இனிமே சூடே ஏறாதுங்ணா, தைரியமா ஓட்டுங்க" என்றார் மெக்கானிக். அவர் சொன்ன மாதிரியே சூடு ஏறவில்லை. நான் சந்தோஷமாக ஓட்டினேன். ஜூனில் மைலேஜ் குறைய ஆரம்பித்தபோது மழைக்காலம், தோட்டத்துப் பாதையெல்லாம் சேறு, சக்கரம் சுழல்கிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். மழை விட்டும் மைலேஜ் திரும்பவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணி, வயல் எல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிறது, என்னோடு வரும் லோடுமேன் தம்பி ஹீட்டர் வாயில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, அரை மணி நேரம் ஓடியும் சூடான காத்தே வரலையே" என்றான். ஹீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தவன், அன்றைக்குத்தான் டேஷ்போர்டில் இருக்கும் வெப்ப முள்ளை நின்று பார்த்தேன். அடியிலேயே கிடந்தது. முன்பெல்லாம் வண்டி ஓடிப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அது நடுவுக்கு வந்து நின்றுவிடும். சூடேறினால் பயந்து முள்ளைப் பார்க்கிறோம், சூடேறாமல் கிடந்தால் யாரும் பார்ப்பதில்லை.

குன்னூரில் ஸ்கேனர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாவதைப் படிக்கும் கருவி, வைத்திருக்கும் ஒருவரிடம் போனேன். அவர் ஸ்கேனரை மாட்டி என்னோடு ஊட்டி ரோட்டில் ஒரு சுற்று வந்தார். சமமான இடத்தில் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் தண்ணீர்) 58 டிகிரி, இறக்கத்தில் வரவர இறங்கி 45-க்கு வந்துவிட்டது. இருக்க வேண்டியது எண்பதுக்கு மேல். "வால்வு இருக்கான்னு பாத்துடலாம்ணே" என்று மேல் ஹோஸைக் கழற்றி உறையைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. தெர்மோஸ்டாட் வால்வை எடுத்துவிட்டு உறையை மட்டும் மூடி அனுப்பியிருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இது ஒரு பட்டறையின் தவறு மட்டும் இல்லை. நம் ஊரில் சூடேறும் வண்டிக்கு வால்வை எடுத்து வீசுவது காலங்காலமாக நடக்கிற வைத்தியம். வால்வு செய்வது இதுதான்: இன்ஜின் 80 டிகிரி சொச்சம் வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி வைத்திருக்கும், சூடு வந்ததும் திறந்துவிடும். அதை எடுத்துவிட்டால் ஸ்டார்ட் செய்த நிமிஷத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டரைச் சுற்றும், இன்ஜின் சூடே பிடிக்காது. வெயில் கொளுத்தும் ஊரில், லோடோடு நாள் முழுக்க ஓடும் வண்டியில் அதன் பாதிப்பு அவ்வளவாகத் தெரியாமல் இருக்கலாம். ஜனவரி இரவில் பூஜ்யத்துக்குப் பக்கம் போகும் ஊரில், நாற்பது கிலோமீட்டர் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் வரும் வண்டியில் என்ன ஆகும்? இன்ஜின் எப்போதும் அப்போதுதான் ஸ்டார்ட் செய்த மாதிரியே இருக்கும். சென்சார் குளிர் என்று சொல்கிறது, வண்டியின் கம்ப்யூட்டர் ஐடிலை (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை) தூக்கி வைக்கிறது, குளிர் இன்ஜினுக்கு ஏற்றபடி டீசலைக் கூட்டி விடுகிறது, ஆயில் கெட்டியாகவே இருக்கிறது, டீசல் முழுசாக எரியாமல் கரியாகப் படிகிறது. மைலேஜ் போவது ஒரு பக்கம், ரிங்கும் சிலிண்டரும் தேய்வது இன்னொரு பக்கம். சில இன்ஜின்களில் வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாகவே சுற்றி ஏற்றத்தில் முன்பைவிடக் கூடச் சூடேறும், அந்த ஆபத்தும் இருக்கிறது.

புது வால்வு எழுநூறு ரூபாய்ச் சொச்சம். அதோடு முதலில் சூடேறியதற்கு உண்மையான காரணத்தையும் பார்த்தார், ரேடியேட்டரின் முன்பக்கம் மண்ணும் பூச்சியும் அடைத்துக் காற்றே புகாமல் இருந்தது, கழற்றித் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிப் புது கூலண்ட் ஊற்றினார். ஏப்ரலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அதுதான். அடுத்த மூன்று டேங்கின் சராசரி 10.3.

பாதி திரும்பிவிட்டது, மீதி எங்கே என்று அப்புறம் தேடினேன். இதற்கு ஸ்கேனர் தேவைப்படவில்லை. காரமடைப் பக்கம் சமமான ரோட்டில் பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி, மெதுவாக நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுவிலும் சில சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன் (கையை வைக்காதீர்கள், பொசுக்கிவிடும்). மூன்றில் ஒன்றும் இல்லை, வலது பின் சக்கரத்தில் சொர்ரென்று ஆவி. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றுவிட்டது. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப் பிடித்து, விடுவித்த பிறகும் முழுசாகத் திரும்பாமல் டிரம்மை லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் ஊர் ஈரத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து இரவெல்லாம் நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். கேபிள் மாற்றி, டிரம்மைத் திறந்து துடைத்து, ஷூவை அட்ஜஸ்ட் செய்ததில் 11.2 வந்தது. சமதளமான கொட்டகை இருப்பவர்கள் இரவில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து நிறுத்துவது நல்லது.

கடைசி இருந்த கொஞ்சம் டயர் காற்றில் இருந்தது. பள்ளம் மேட்டில் வண்டி குதிக்கிறது என்று பின் டயரில் காற்றைக் குறைப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். அது போதாதென்று, மலை இறங்கி வந்து டயர் கொதிக்கக் கொதிக்க மேட்டுப்பாளையத்தில் காற்றுப் பிடிப்பேன். சூட்டில் நான்கைந்து பாயிண்ட் கூடக் காட்டும், கம்பெனி அளவு இருக்கிறது என்று நினைத்து வந்துவிடுவேன், மறுநாள் காலை குளிரில் பார்த்தால் அளவுக்குக் கீழே. இப்போது முந்நூறு ரூபாய்க்கு ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொண்டு வாரம் ஒரு தடவை விடியற்காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் பார்க்கிறேன். எத்தனை பாயிண்ட் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும், காலிக்கும் லோடுக்கும் தனித்தனியாக.

கறுப்புப் புகை வந்தால் மட்டும் வேறு வழியில் தேடுங்கள். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊதும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் அடிப்பக்கம் வெடித்திருக்கும், சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், ஏற்றத்தில் உஸ்ஸென்று சத்தம் வரும். 2000 மீட்டர் உயரத்தில் காற்று ஏற்கனவே ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதிலும் ஹோஸில் கசிந்தால் டீசல் எரிய காற்று போதாது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டியாக இருந்தால் சைலன்சரில் கரியைப் பிடித்து வைக்கும் பில்டர் இருக்கிறது, அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளக் கூடுதல் டீசலை எரிக்கும், பாதியில் வண்டியை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். தோட்டத்துக்கும் களத்துக்கும் இடையில் இரண்டு கிலோமீட்டர் மூன்று கிலோமீட்டர் என்றே ஓட்டுகிறவர்களுக்கு இதனால் மைலேஜ் கொட்டும், டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறி டீசல் வாசனை அடிக்கும். டேஷ்போர்டில் இந்த பில்டரின் விளக்கு எரிந்தால் வண்டியை அணைக்காமல் ஒரு இருபது நிமிஷம் மெயின் ரோட்டில் ஓட்டிவிடுங்கள்.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டீசல் மிச்சம் என்று நினைத்து மலை இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்கள், இன்ஜினையே அணைத்துவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதைய டீசல் இன்ஜினில் கியரில் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் டீசலை முழுசாக நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் ஐடில் ஓடுவதற்கு டீசல் செலவாகும். ஆக, மிச்சம் கியரில் வருவதில்தான். இன்ஜினை அணைத்தால், லேசாக மிதித்தாலே பிரேக் பிடிக்க உதவும் பூஸ்டருக்கு வேக்குவம் இல்லை, பவர் ஸ்டியரிங் இல்லை, ஒன்றேகால் டன் கேரட் பின்னால் தள்ளுகிறது, கீழே கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரில் இறங்கவும் என்று பலகை வைத்திருப்பது அதற்காகத்தான். தயவுசெய்து உயிரை வைத்து டீசல் மிச்சம் பிடிக்காதீர்கள். சமவெளியில் மிச்சம் பிடிக்க வேறு வழி இருக்கிறது, 80-இல் போவதை 60-க்குக் குறைத்தாலே போதும். 60-இலிருந்து 80-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ 78 சதவீதம் கூடுகிறது, பிக்கப்பில் உயரமாகக் கூண்டு கட்டியிருந்தால் அது முழுக்க டீசலில்தான் இறங்கும்.

இப்போது என் நோட்டில் கடைசி நான்கு டேங்கும் பதினொன்றரையை ஒட்டியே நிற்கின்றன. வால்வு, கேபிள், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து ஆன செலவு மூவாயிரத்துச் சொச்சம்.

உங்கள் பத்திரிகை வழியாக இரண்டு பேரிடம் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மலை அடிவாரத்தில் பங்க் நடத்துகிறவர்கள் காற்று மெஷினின் கேஜை அடிக்கடி சரிபார்த்து வையுங்கள், ஒரே டயருக்கு இரண்டு பங்கில் ஆறு பாயிண்ட் வித்தியாசம் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டாவது, மேட்டுப்பாளையம், குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பட்டறை அண்ணன்மார்களே, அவசரத்துக்கு வண்டியை மேலே அனுப்ப வேண்டி வால்வைக் கழற்றும் நிலை வந்தால் அதை எங்களிடம் சொல்லுங்கள், பில்லில் எழுதுங்கள், கழற்றிய வால்வைக் கையில் கொடுங்கள். ஒரு வாரத்தில் வேறு வால்வு போட்டுக்கொள்வோம்.

இப்படிக்கு,
பிக்கப் உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
கேத்தி, நீலகிரி மாவட்டம்.